பகலா, இரவா என்று கேட்ட உறை

வதந்தி எனக்கு சலூனில் கிடைத்தது. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டி, தலையைக் குனிய வைத்து, காதோரம் கத்தியைக் கொண்டுவந்துவிட்டால் மனிதன் எதையும் நம்புவான். பக்கத்து நாற்காலியில் முகம் நிறைய நுரையோடு இருந்தவர் சினிமாவில் லைட் பிடித்து ஓய்வு பெற்றவர். கண்ணாடிக்குள் இருந்த என்னிடம் அவர் சொன்னார்:

"அந்தப் படத்துல கடைசி வரைக்கும் விண்கலத்தையே காட்ட மாட்டாங்களே, அது நம்ம ராக்கெட்டோட ஐடியாவே இல்லையாம் சார். பஸ் டிப்போவுல ஒரு அம்மா வேலை பாக்குதாம். அது பண்ணின வேலையாம்."

"யார் சொன்னா?"

"சொல்றாங்க."

இந்தச் 'சொல்றாங்க' ஆட்களை எனக்கு முப்பத்தைந்து வருடமாகத் தெரியும். என் பத்தியில் பாதிக்கு மேல் அவர்கள் தயவில் எழுதியதுதான். ஆனாலும் அன்றைக்கு அவர்கள் மேல் எனக்கு வந்த அன்பு கொஞ்சநஞ்சமல்ல. வயிறு குளிர்ந்துபோய், ஒரு கிருதாவை ஏற்றியும் இன்னொன்றை இறக்கியும் வெட்டிவிட்டதைக்கூடக் கவனிக்காமல் எழுந்து வந்தேன்.

ராக்கெட் என்பது ஒரு மனிதருக்கு நாங்கள் வைத்த பெயர். விஞ்ஞானக் கதை எழுதுகிறவர். பதினோரு நாவல், எண்பத்தைந்து சிறுகதை, ஒரே ஒரு சினிமா. அந்த ஒரு சினிமா அவருக்கு வாழ்நாள் முழுக்கப் போதுமானதாக இருந்தது. கணவன் விண்கலத்தில் ஏறிப் போய்விடுகிறான். மனைவி இருபத்திரண்டு வருடம் காத்திருக்கிறாள். கேமரா வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. அடுப்பு, ஜன்னல், தபால் பெட்டி, அவள். விண்கலம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தியேட்டரை விட்டு வெளியே வந்தவர்கள் எல்லாரும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து, முன்னால் போனவர்கள் மேல் மோதினார்கள். காட்டாமலே காட்டிய மேதை என்று பத்திரிகைகள் எழுதின. நானும் எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு நாள் வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை போட்டேன்.

வதந்தியை அப்படியே பத்தியில் போட்டுவிட்டுப் போயிருப்பேன். அதற்குள் சினிமாக் கல்லூரியிலிருந்து போன் வந்தது. திரைக்கதைத் துறைத் தலைவர். சுற்றி வளைக்காமல் பேசுகிற ஆள்.

"அவரை நாங்க ஆசிரியரா எடுக்கலாம்னு இருக்கோம். 'காட்டாமல் காட்டுவது'ன்னு ஒரு வகுப்பு. இப்ப காதுல ஒண்ணு விழுது. உங்க காதுலயும் விழுந்திருக்கும்."

"விழுந்துது."

"அது அவர் யோசனைதானா இல்லையா? நீங்க பழைய சிநேகிதர். விசாரிச்சு ஒரு கடிதம் கொடுங்க. இல்லன்னா வகுப்பைப் பத்தி நாங்க மறுபடி யோசிக்கணும்."

அதே வேலைக்கு நானும் ஒரு விண்ணப்பம் போட்டிருந்தேன். அதற்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போனை வைத்தார்.

ராக்கெட்டுக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். வாரப் பத்திரிகைகள் கதைப் பக்கங்களை நிறுத்தி ஆறு வருடமாகிறது. அறுபத்திரண்டு வயதில் மனிதருக்குப் போவதற்கு ஓர் இடம் இல்லை. காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், பேப்பர் கடையில் தலைப்புச் செய்திகளை ஓசியில் படித்துவிட்டுத் திரும்புவார். கல்லூரியிலிருந்து முதல் விசாரிப்பு வந்த நாளிலிருந்து, வீட்டு அலமாரியின் பச்சைக் கதவில் சாக்பீஸால் எழுதிப் பழகுவதாக அவர் மனைவி சொல்லியிருந்தார். கடைசி பெஞ்சுக்குத் தெரியுமா என்று பார்க்க, சமையலறை வரை பின்னால் நடந்து போகிறாராம்.

அவர் கையிலிருந்த சாக்பீஸ் இப்போது என் பைக்குள் இருந்த மாதிரிதான். வாழ்க்கையில் எனக்கு இப்படி ஒரு வசதி வாய்த்ததில்லை.

விசாரணைக்கு முன் ஆள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா லாரி எடை மேடையில் குமாஸ்தா. சரக்கோடு வருகிற லாரியை எடை போடு, காலியாகப் போகிற லாரியை எடை போடு, கழி. பள்ளி விட்டதும் ராக்கெட் அப்பாவின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இந்தக் கழித்தலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர். எதுவும் நேரடியாக எடை காட்டாது, இல்லாமல் போனபிறகுதான் எடை தெரியும் என்று ஒரு பேட்டியில் சொன்னார். பத்து வயதில் எல்லாருக்கும் தெரிகிற கழித்தல் கணக்கு. இவர் சொன்னால் பேட்டி. முதல் கதையில் ஒருவன் வேறு கிரகத்தில் அம்மாவின் கடிதத்தைத் தராசில் வைக்கிறான். முள் அசையவில்லை. அவன் தராசைப் பழுது பார்க்கிறான். அவ்வளவுதான் கதை. பத்தொன்பது வயதில் எழுதினார். எனக்கு அப்போது பத்தொன்பது வயதும் நான்கு மாதமும். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இரண்டு பேரும் ஒரே திங்கட்கிழமையில் ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்தச் சேர்ந்தோம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, அதில் ஒன்றுக்குத்தான் முதுகு இருந்தது. முதுகுள்ள நாற்காலி அவருக்குப் போயிற்று. குறை சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

கதை அச்சுக்குப் போகும்போது கடைசி நேரத்தில் ஏதாவது மெத்தை விளம்பரம் வந்துவிடும். எங்கள் ஆசிரியர் பக்கத்தைக் கீழேயிருந்து வெட்டிக்கொண்டே மேலே போவார். மெத்தையின் தடிமனைப் பொறுத்து முடிவு போகும், சில வாரம் வில்லனே போய்விடுவான். நான்கு கதைகள் இப்படித் தலை மட்டும் வெளிவந்தபிறகு, ராக்கெட் முடிவைக் கொண்டுபோய்க் கதையின் நடுவில் வைக்கப் பழகிக்கொண்டார். கீழ்ப்பாதியில் சும்மா மழை பெய்யும், யாராவது நடப்பார்கள், வெட்டினாலும் நஷ்டமில்லை. காலத்தை மடித்து எழுதுகிற புதிய உத்தி என்று ஒரு பேராசிரியர் அதற்கு எழுபது பக்கம் ஆராய்ச்சி செய்தார். மெத்தை பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

வாரம் அவருக்கு முப்பது வாசகர் கடிதம் வரும். எனக்கு இரண்டு. அதில் ஒன்று என் மச்சான் போடுவது.

பத்திரிகையின் டெலிபோன் போர்டில் ஒரு பெண் இருந்தார். "ஒரு நிமிஷம் இருங்க" என்று அவர் சொல்கிற குரலுக்காகவே நான் தேவையில்லாத எண்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் என்னை "அண்ணே, நீங்க கேட்ட நம்பர் சுடுகாட்டு ஆபீஸ், பரவாயில்லையா?" என்று கேட்டார். சுடுகாடு எனக்குப் பரவாயில்லை. அண்ணேதான் தாங்கவில்லை. ஆறு மாதத்தில் அவர் ராக்கெட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். அன்றிலிருந்து எனக்கு அவர் தங்கச்சி. போதும், டிப்போவுக்குப் போவோம்.

கால அட்டவணைப் பிரிவு, டீசல் பம்புக்கு மேல் மாடியில் இருந்தது. ஒவ்வொரு பஸ் கிளம்பும்போதும் ஜன்னல் கண்ணாடி பல்லைக் கடித்தது. சுவர் முழுக்க ஆணி அடித்த பலகை. ஆணிகளில் டிரைவர், கண்டக்டர் எண்கள் எழுதிய அட்டைகள். மேல் வரிசை வெள்ளை, கீழ் வரிசை நீலம். அதன் முன்னால் நின்று அட்டை மாற்றிக்கொண்டிருந்தவருக்கு நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வயது இருக்கும். எல்லாரும் அவரை அக்கா என்றார்கள். அவரைவிட மூத்த டிரைவர்களும்.

விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"இருபத்தி நாலு வருஷம் கழிச்சு வர்றீங்க. உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அது ஆடும்."

"படத்துல நீங்க யாரு?"

"உதவி இயக்குநர். ஷெட்யூல் போடுறது என் வேலை. ஸ்கிரிப்ட்ல ஒவ்வொரு சீன் தலைப்புலயும் பகல், இல்லன்னா இரவுன்னு இருக்கணும் சார். பகலுக்கு வெள்ளை அட்டை, இரவுக்கு நீல அட்டை. இதோ இருக்கே, அதே மாதிரிதான். அந்தச் சுவத்தைப் பாத்துத்தான் செட் போடுவாங்க, நடிகருங்க தேதி வாங்குவாங்க, லைட் வாடகைக்கு எடுப்பாங்க. சுவத்துல இல்லாதது உலகத்துலயே இல்ல."

"சரி."

"உங்க ஆளு நாப்பத்தோரு சீன்ல என்ன எழுதியிருந்தாரு தெரியுமா? 'இல்லை'ன்னு எழுதியிருந்தாரு."

"இல்லைன்னா?"

"விண்வெளியில பகலும் கிடையாது, இரவும் கிடையாதாம். அதுக்கு அடிக்குறிப்பு வேற, ரெண்டு பக்கம். நல்லாத்தான் இருந்துச்சு படிக்க. ஆனா நான் எந்த வரிசையில மாட்டுறது? பழுப்பு அட்டையில எழுதினேன். பழுப்புக்கு ஆணி இல்ல. அதனால நாப்பத்தோரு அட்டையையும் ஒரு உறையில போட்டு, 'ஐயா, இவை பகலா, இரவா? குறித்து அனுப்பவும்'னு எழுதி, பதில் உறையும் உள்ள வெச்சு, அதுல என் ஸ்டாம்பையும் ஒட்டி அவர் வீட்டுக்கு அனுப்பினேன்."

"பதில் வந்துதா?"

"இன்னும் எதிர்பாத்துட்டுதான் இருக்கேன்."

"டைரக்டர் கேக்கலையா?"

"கேட்டாரே. ரைட்டர் பதில் போடணும் சார்னேன். போடட்டும், அதுக்குள்ள வீட்டை முடிப்போம்னாரு. வீடு முடிஞ்சுது. ஹீரோயின் தேதியும் முடிஞ்சுது. தயாரிப்பாளர் பிளைவுட் கடைக்காரரு. எடுத்த வரைக்கும் ஒட்டிக் காட்டுங்கன்னாரு. காட்டினோம். மனுஷன் கைக்குட்டையை வாயில வெச்சுக்கிட்டு அழுதாரு. இதுக்கு மேல ஒரு அடி ஃபிலிம் எடுத்தா உங்களை நான் உள்ள விடமாட்டேன்னுட்டாரு."

"அப்புறம் டைரக்டர் பேட்டியெல்லாம் கொடுத்தாரே. காட்டக் கூடாதுன்னு நானும் ரைட்டரும் முதல்லயே முடிவு பண்ணினோம்னு."

"அவர் போயிட்டாரு. விடுங்க."

எனக்கு வேண்டியது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. "அப்ப அந்த ஐடியா உங்களோடது?" என்றேன்.

"ஐடியாவா? பதில் வராத ஃபைலை ஓரமா வெச்சேன் சார். அதுக்குப் பேரு ஐடியான்னா இந்த டிப்போவுல எல்லாருமே மேதைதான்." ஒரு நீல அட்டையைக் கழற்றி, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். "ஆனா வயிறு எரிஞ்சுது. இல்லைன்னா பொய். அவர் பேரு தனியா, திரை முழுக்க வந்துச்சு. என் பேரு வரவே இல்ல. அந்தத் தியேட்டர் இருக்கிற தெரு வழியா ஒரு வருஷம் நான் போகல. ரெண்டு பஸ் மாறி சுத்திப் போவேன். அப்படிச் சுத்திச் சுத்தித்தான் இந்த ஊர் ரூட்டெல்லாம் மனப்பாடமாச்சு. இங்க வேலையும் கிடைச்சுது."

கிளம்பும்போது மாடிப்படி வரை வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. ஏன் பதில் போடல?"

ராக்கெட் வீடு இரண்டாவது மாடி. போனபோது முற்பகல். அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். ராக்கெட் இஸ்திரி சட்டையில், கையெல்லாம் சுண்ணாம்பாக, அலமாரிக் கதவின் முன் நின்றிருந்தார். கதவில் 'இல்லாததை எப்படி எழுதுவது?' என்று பெரிய எழுத்தில் இருந்தது.

"வாய்யா. அங்கிருந்து படிக்க முடியுதா பார்."

"முடியுது. டிப்போவுக்குப் போயிட்டு வர்றேன்."

"எந்த டிப்போ?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் விழும், அதைப் பார்க்கலாம் என்றுதான் வந்திருந்தேன். ஆனால் அவருக்கு உண்மையாகவே ஒன்றும் புரியவில்லை.

"உறையா? எந்த உறை?"

"கம்பெனி முத்திரை போட்டு ஒண்ணு வந்துச்சே," என்றார் மனைவி, மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "பிரிக்காம தூக்கி எறிஞ்சீங்களே."

ராக்கெட் நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகுள்ள நாற்காலி.

"அது... அந்த வசனகர்த்தா எழுதினதுன்னு நெனச்சேன்யா. நாடகத்துலேர்ந்து ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தாங்க, ஞாபகம் இருக்கா? நான் ராத்திரி பூரா முழிச்சிருந்து ஒரு பேச்சு எழுதியிருந்தேன், புருஷன் கிளம்பும்போது வாசல்ல நின்னு பேசுறது. ஒண்ணரைப் பக்கம். இவன் டீ குடிக்கிற நேரத்துல அதை அடிச்சுட்டு நாலு வரி எழுதிக் கொடுத்தான். யூனிட்டே கைதட்டுச்சு."

"நல்லா இருந்துதா?"

"அதான்யா பிரச்சினை."

மூன்றாம் நாளோடு படப்பிடிப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார். உறை வந்தபோது, அவன் திருத்தியதையெல்லாம் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். பிரித்தால் படிக்க வேண்டும், படித்தால் பிடித்துவிடும்.

"சரி, படம் வந்தபோது விண்கலம் ஒரு சீன்கூட இல்லையே. ஏன் வெட்டினீங்கன்னு யாரையும் கேக்கலையா?"

"எப்படிய்யா கேக்கிறது? நல்லா இல்ல, அதான் வெட்டினோம்னு சொல்லிட்டா?"

இருபத்துநான்கு வருடமாக, மாலை போட்ட ஒவ்வொருவருக்கும் அவர் நன்றி சொன்னபோது, வெட்டியெறியப்பட்ட நாற்பத்தொரு காட்சிகளுக்கு மேல் நின்று சொல்வதாகத்தான் நினைத்திருக்கிறார். அந்த மாலைகளை எண்ணிக்கொண்டிருந்த ஆள் நான்.

"உறை இருந்தாலாவது பாக்கலாம்," என்றேன்.

"மேஜைக்கு அடியில பாருங்க," என்றார் மனைவி. "ஆடுது ஆடுதுன்னு கத்திட்டே இருந்தீங்களே. பின்னாடி இடது கால். நாந்தான் வெச்சேன். அளவு எடுத்து செஞ்சாப்புல இருந்துச்சு."

மேஜையை நான் தூக்கிப் பிடித்தேன். அவர் மண்டியிட்டு உருவினார். ஓரங்கள் கறுத்து, நடுவில் மேஜைக் காலின் சதுரம் பதிந்து, உறை வந்தது. படத்துக்கு அப்புறம் அவர் எழுதிய அத்தனை கதையும் அதன் மேல் நின்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. பிரித்தார். பழுப்பு அட்டைகள், ஒரு கடிதம், ஸ்டாம்ப் ஒட்டிய பதில் உறை. ஒவ்வொரு அட்டையிலும் சுத்தமான கையெழுத்தில் சீன் எண், இடம், ஆட்கள். கடைசியில் ஒரு கட்டம் காலியாக.

"வெட்டலையா?" என்றார். "எடுக்கவே இல்லையா?"

"பகலா இரவான்னு தெரியாம நிக்குது."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப எல்லாரும் கொண்டாடினாங்களே அந்த வீடு, அது?" என்று கேட்டேன். அதுவாவது டைரக்டருடையது, நடிகையுடையது, யாருடையதாவது என்று சொல்லிவிட மாட்டாரா என்ற ஆசை.

"அதுவா? விண்கலத்துக்குத்தான் மூணு வருஷம். இது நாலு நாள்ல எழுதினது. ஒருத்தன் கிளம்பணும்னா கிளம்புறதுக்கு ஒரு வீடு வேணுமே. அதுக்காக ஒப்பேத்தினேன்."

"எழுதினாராம்!" மனைவி மடித்த சட்டையைக் கீழே வைத்தார். "அண்ணே, ஜன்னல் கொக்கிக்குப் பதிலா கயிறு கட்டியிருக்கே, அது இதோ இருக்கு பாருங்க. ரெண்டு தம்ளர் எடுத்து வெச்சுட்டு ஒண்ணைத் திரும்ப உள்ள வெக்கிறது நான். தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டா ஈரக்கையோட வந்து நிக்கிறது நான். இந்த மனுஷன் இந்த ரூம்லயே உக்காந்துக்கிட்டு எங்கயோ வேற கிரகத்துல இருந்தாரு. அவ இருபத்திரண்டு வருஷம் காத்திருந்ததுக்கு ஊரே அழுதுச்சு. எனக்கு அழுகை வரல. அந்த நடிகை மேல எரிச்சல் எரிச்சலா வந்துச்சு."

ராக்கெட் ஜன்னல் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை முதல் தடவையாகப் பார்க்கிறவர் போல.

நான் திருடனைப் பிடிக்கப் போனவன். மூன்று வருடம் உயிரைக் கொடுத்து எழுதியது மேஜைக் காலுக்கு அடியில் கிடக்க, நாலு நாளில் ஒப்பேற்றியதற்கு ஊர் அழுதிருக்கிறது. அதையும் அவர்தான் எழுதியிருக்கிறார், தெரியாமலே. தெரிந்தே நான் முப்பத்தைந்து வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன். முன்பு இருந்தது சாதாரண எரிச்சல் என்று அப்போதுதான் புரிந்தது.

"காலேஜுக்கு என்ன எழுதப் போறே?" என்று கேட்டார்.

"உன் யோசனை இல்லன்னு ஒரு வரி எழுதினா போதும். அது உண்மைதான்."

"ஆமா."

மனைவியின் கை துணி மேல் நின்றுவிட்டது.

"வேலை போயிடும்யா," என்றேன்.

"போகட்டும். இதை வெச்சுக்கிட்டு, காட்டாம இருக்கிறது எப்படின்னு பசங்களுக்கு நான் என்னத்தச் சொல்றது? எழுது. எழுதினதை எழுது, எழுதாததையும் எழுது." எழுந்து போய், கதவிலிருந்த சாக்பீஸ் எழுத்தை உள்ளங்கையால் அழித்தார். சட்டையில் துடைத்துக்கொண்டார், இஸ்திரி போட்ட சட்டை என்பதை மறந்து.

ஒரு வரிக் கடிதத்தை உண்மையாகவே எழுதினேன். அழகாக இருந்தது. மறுநாள் காலை அதைக் கிழித்துவிட்டு மூன்று பக்கம் எழுதினேன்: பழுப்பு அட்டை, பிரிக்காத உறை, கைக்குட்டை, இரண்டு தம்ளர் எல்லாம். மனசு மாறுவதற்குள் தபாலில் போட்டேன். பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த மூன்று பக்கம் நன்றாக வந்திருந்தது. அதை யாராவது ஒருத்தர் படிக்க வேண்டாமா?

ஐந்தாம் நாள் துறைத் தலைவர் கூப்பிட்டார்.

"படிச்சேன். அந்த டிப்போ அம்மா நம்பர் இருக்கா?"

"எதுக்கு?"

"ரெண்டு பேரையும் எடுக்குறேன். ஒரே வகுப்பு. இவர் எழுதட்டும், அந்தம்மா கேள்வி கேக்கட்டும். எழுதினதுக்கும் எடுத்ததுக்கும் நடுவுல என்ன விழுந்து போகுதுன்னு பசங்க நேர்லயே பாக்கட்டும். நியமன உத்தரவு ஒண்ணுதான். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும். திங்கட்கிழமை வகுப்பு."

"என் விண்ணப்பம் ஒண்ணு..."

"போட்டிருந்தீங்களா? ஓரமா எங்கயாவது இருக்கும். பாக்குறேன்."

உத்தரவை நான்தான் டிப்போவுக்கு எடுத்துப் போனேன். அக்கா இரண்டு தரம் படித்தார். வாரம் இரண்டு நாள், அவர் பெயர் முழுசாக, முதல் வரியில். காதெல்லாம் சிவந்துவிட்டது. பேனாவை எடுத்தார், மூடினார்.

"முதல்ல என் கேள்விக்கு அவர் பதில் சொல்லட்டும். நாப்பத்தொண்ணுக்கும். அப்புறம் கையெழுத்து."

ராக்கெட்டிடம் சொன்னேன். விண்வெளியில் பகலும் இல்லை, இரவும் இல்லை என்று ஆரம்பித்தார். அக்காவுக்குப் போன் போட்டு அந்த இரண்டு பக்க அடிக்குறிப்பையும் வாயாலேயே சொன்னார். "எங்க சுவத்துல ரெண்டு வரிசைதான் சார்" என்று அந்தப் பக்கம் பதில் வந்தது. இரண்டு நாள் இதே ரகளை. மூன்றாம் நாள் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"விண்கலத்துல லைட்டு உண்டுல்ல? எரிஞ்சா பகல், அணைச்சா இரவு. போட்டுத் தொலைங்களேன்."

ஒரே காலையில் நாற்பது அட்டைக்கும் பதில் எழுதிவிட்டார். மேஜை ஆடிக்கொண்டே இருந்ததால் எழுத்தெல்லாம் கோணல். உறையை மறுபடி அடியில் வைக்க ஒத்துக்கொள்ளவில்லை.

பாக்கி ஒன்று. சீன் ஐம்பத்தேழு. விண்கலத்தில் அவன் தனியாக இருக்கிறான். வெளியே பூமி ஒரு பொத்தான் அளவுக்குத் தெரிகிறது. வீட்டில் இப்போது பகலா, இரவா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். அவ்வளவுதான் காட்சி. விளக்கு எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்று ஸ்கிரிப்டில் இல்லை. மனைவியைக் கேட்டார்.

"நீயே சொல்லேன். அங்க அப்ப என்னவா இருக்கும்?"

"நான் சொல்ல மாட்டேன். அவ்வளவு வருஷம் அவ உக்காந்திருந்தாள்ல? அவனே யோசிக்கட்டும்."

நாற்பது அட்டைகளை என் கையில் கொடுத்து அனுப்பினார். கடைசி ஒன்றையும், அந்தப் பழைய ஸ்டாம்ப் ஒட்டிய பதில் உறையையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். அதை முறைப்படி தபாலில்தான் அனுப்புவாராம். அந்த ஸ்டாம்ப் இன்றைய கட்டணத்துக்குப் போதாது என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை.

அக்கா அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி எண்ணினார். டிரைவர்களின் அட்டைகளைக் கொஞ்சம் நெருக்கி, வலது ஓரத்தில் இடம் பண்ணி, இருபத்தாறை மேலேயும் பதினான்கைக் கீழேயும் மாட்டினார்.

"ஒண்ணு குறையுதே."

"அனுப்புறேன்னு சொல்லியிருக்கார்."

"எப்ப?"

இன்று சனிக்கிழமை. நாளை மறுநாள் வகுப்பு. ஆணி ஒன்று காலியாக இருக்கிறது. உத்தரவு இன்னும் என் பையில்தான் இருக்கிறது, கையெழுத்து ஒன்றுகூட இல்லாமல்.